ஒரு பல் தள்ளி நின்ற சக்கரம்

மாத்தளைக் கடைவீதியில் மணிக்கூடு திருத்தும் இத்ரூஸிடம் ஒரு நல்ல பழக்கமும் ஒரு கெட்ட பழக்கமும் இருந்தன. கொண்டுவந்த மணிக்கூட்டில் பிழை இருந்தால் அதை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். இது நல்லது. பிழை இல்லாவிட்டால், கொண்டுவந்த ஆளிடம் ஒரு பிழையைக் கண்டுபிடிப்பார். சாவி முறுக்குகிற விதம் சரியில்லை, ஈரச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள், வீட்டுப் பிள்ளைகள் பெண்டுலத்தைப் பிடித்து ஆட்டுகிறார்கள் என்று யாராவது ஒருவர் தலையில் பழியைக் கட்டாமல் அவர் கடையிலிருந்து எந்த மணிக்கூடும் வீடு திரும்பியதில்லை. வேலை சுத்தம் என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது. கறக்கிற மாடு உதைத்தாலும் பொறுக்கத்தானே வேண்டும்.

அந்த உதை ஒரு தடவை மாடசாமியின் மேல் விழுந்தது. அவர் மணிக்கூடே இல்லாத மனிதர்.

அலுவிகாரையில், வீதியைவிட்டுச் சற்று உயரத்தில், ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா இருந்தது. துரை சீமைக்குத் திரும்பியபோது ஜைனுதீன் ஹாஜியார் அதை வாங்கினார். மிளகும் கொக்கோவும் மொத்தமாக வாங்கி விற்கிற பெரிய வியாபாரி. பங்களாவோடு சேர்ந்து ஒரு பெரிய புல்தரையும், அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்ட மாடசாமியும், அதற்குத் தண்ணீர் தெளிக்கும் மெஷினும் அவருக்கு வந்து சேர்ந்தன. புல் எதற்கு, மாடு கட்டவா என்று ஹாஜியார் முதலில் கேட்டது உண்மைதான். ஆனால் ஆளே தொடாமல் தண்ணீர் பீறிட்டுச் சுழல்வதைப் பார்த்த அன்று அவர் மனசு மாறிவிட்டது. வருகிற போகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய் அதைக் காட்டினார்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மலை ஊற்றிலிருந்து பீலித் தண்ணீர் குழாயில் இறங்கி வந்தது. புல்லுக்குள் அங்கங்கே பித்தளைத் தலைகள் பதித்திருந்தன. கராஜ் சுவரில் பூட்டுப்போட்ட ஒரு பச்சை இரும்புப் பெட்டி, அதற்குள் சாவி கொடுக்கும் மணிக்கூடு. சாயந்தரம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் அது ஒரு கம்பியை இழுத்துக் குழாயைத் திறக்கும். தலைகள் சுழன்று தண்ணீரை விசிறும். கொஞ்ச நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். மணிக்கூட்டின் ஓரத்தில் ஏழு பற்கள் உள்ள ஒரு சின்னச் சக்கரமும் இருந்தது. பற்களுக்குக் கிழமைப் பெயர் இல்லை, ஒன்று முதல் ஏழு வரை இலக்கம்தான். நாளுக்கு ஒரு பல்லாக அது நகரும். முதலாம் பல்லைத் துரை உள்ளே அமுக்கி வைத்திருந்தார். அந்தப் பல்லின் முறை வரும் நாளில் மெஷின் தெளிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார் புல்லில் கதிரை போட்டு உட்கார வருவார்கள், அவர்கள் நனையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

மாடசாமி யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். துரை பங்களா வேலைக்கு அழைத்து வந்தபோது தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். வெட்டின பெயரைத் தோட்டம் மறுபடி எழுதாது. கராஜுக்குப் பின்னால் ஓர் அறையில் அவரும் மனைவி இலட்சுமியும் இருந்தார்கள். இலட்சுமி பங்களாக் குசினியில் சமையல் வேலை செய்தாள். அந்த அறைதான் அவர்களுக்கு வீடு, ஊர், விலாசம் எல்லாம். பச்சைப் பெட்டியின் சாவியும் மாடசாமியிடம் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை மணிக்கூட்டை முறுக்குவது அவர் வேலை.

அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டுப் போயா நாட்களை லீவாக்கியிருந்த காலம் அது. பௌர்ணமி, அமாவாசை, இடையில் இரண்டு அரைநிலா என்று சந்திரனைப் பார்த்து லீவு வந்தது. கடைகள் அன்றைக்குத்தான் பூட்டின, ஹாஜியாரின் சிநேகிதர்களும் அன்றைக்குத்தான் வந்தார்கள். ஆகவே மெஷினின் ஓய்வு நாளைப் போயாவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இத்ரூஸுக்கு ஆள் போயிற்று. அவர் வந்தார், சக்கரத்தைத் திருப்பி, முதலாம் பல் போயாவில் நிற்கும்படி வைத்தார், இனிக் கவலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்ரூஸுக்குப் போயா என்பது கடை பூட்டும் நாள், அவ்வளவுதான். அவருடைய ஏழு நாள் கிழமை ஜும்ஆத் தொழுகையில் தொடங்கி ஜும்ஆவில் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கடையிலுள்ள மணிக்கூடுகளுக்கெல்லாம் சாவி கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். சந்திரன் எங்கே நிற்கிறது என்று அவர் அண்ணாந்து பார்த்ததில்லை. பக்கத்துப் பேக்கரிக்காரர் கதவுப் பலகையை அடுக்கினால் இன்றைக்குப் போயா என்று தெரிந்துகொண்டு இவரும் பலகையை அடுக்குவார்.

அது ஓகஸ்ட் வெயில் கொளுத்தத் தொடங்கிய நேரம். இரண்டு போயா போவதற்குள்ளேயே பிரச்சினை வந்தது. போயா ஒன்றில் ஹாஜியாரின் சிநேகிதர்கள் புல்லில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருக்க, மெஷின் அவர்களைக் குளிப்பாட்டியது. இத்ரூஸ் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். முதலாம் பல் முந்தின நாளே கடந்துபோய், இரண்டாம் பல் நின்றது. தூசு என்று சொன்னார். கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, சக்கரத்தை ஒரு பல் பின்னுக்கு இழுத்து வைத்தார். அடுத்த போயாவுக்கு மெஷின் நல்ல பிள்ளையாகத் தூங்கியது. அதற்கடுத்த போயாவுக்கு மறுபடி எழுந்து தெளித்தது. இத்ரூஸ் சுருள்வில்லை மாற்றினார், சக்கரத்தை மறுபடி ஒரு பல் பின்னுக்கு இழுத்தார்.

இதற்கிடையில் ஹாஜியார் வீட்டில் நபிகளைப் புகழும் மௌலூது ஓதிக் கந்தூரி விருந்து கொடுப்பதாக ஏற்பாடாகியிருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள், வியாபாரிகள், கண்டியிலிருந்து உறவுக்காரர்கள் என்று நிறையப் பேர் வருவார்கள். எல்லோருக்கும் லீவு வேண்டுமே, ஒரு போயா நாளைத்தான் குறித்தார்கள். புல்தரையில் பந்தல் போட்டுப் பாய் விரிப்பதென்று முடிவாயிற்று. மெஷினை நம்பலாமா என்று ஹாஜியார் கேட்டனுப்பினார். இத்ரூஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியோடு மணிக்கூட்டைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனார். தன் கடையின் மிகச் சிறந்த மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் மாட்டி, ஒரு ஜும்ஆவிலிருந்து மறு ஜும்ஆ வரை ஓடவிட்டுப் பார்த்தார். ஏழு பல்லும் முறையாகச் சுற்றி, முதலாம் பல் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் வந்து நின்றது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. போன போயா சனிக்கிழமையாக இருந்ததால், சனிக்கிழமைக்கு முதலாம் பல் வரும்படி வைத்துத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினார். வருகிற போயாவுக்கு இது தூங்கும், என் பேரை வைத்துச் சொல்கிறேன் என்றார்.

அந்த இடத்தில் மாடசாமி ஒரு வார்த்தை கேட்டார். எதற்கும் இருக்கட்டும், கந்தூரி அன்றைக்கு மட்டும் பித்தளைத் தலைகளைக் கழற்றி வாயை அடைத்து வைக்கட்டுமா என்று. இத்ரூஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் பாத்த மெஷின். நீ ஒண்டையும் தொட வேணாம்," என்றார்.

மாடசாமி தொடவில்லை.

கந்தூரி ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் போயா. பந்தல் வேலைக்காகச் சனிக்கிழமை முழுக்கப் பீலித் தண்ணீரை அடைத்திருந்தார்கள், ஆகவே மெஷின் அன்று தூங்கியதா விழித்ததா என்று எவருக்கும் தெரியாது. ஞாயிறு காலையில் குசினிக்கும், தொழுகைக்கு ஒளுச் செய்வதற்கும் தண்ணீர் வேண்டும் என்று மறுபடி திறந்துவிட்டார்கள். மௌலூது ஓதி முடிந்தது. மதியச் சாப்பாடு என்று சொன்ன கந்தூரி, வழக்கம்போல, அஸருக்குக் கிட்டத்தான் பந்திக்கு வந்தது. பாயில் ஆறு ஆறு பேராக வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் சஹன் தட்டு வந்தது, நெய்ச்சோறும் இறைச்சியும் மணத்தன. பிஸ்மி சொல்லிக் கையை வைத்த நேரத்தில், பாய்க்குப் பக்கத்துப் புல்லுக்குள் ஏதோ இருமியது.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பந்தல் மேலேயிருந்து வரும் மழைக்குத்தான் காவல், கீழேயிருந்து வரும் மழைக்கு அது என்ன செய்யும். சோற்றில் தண்ணீர் நின்றது. கண்டிச் சம்பந்திக்காரரின் துருக்கித் தொப்பி நனைந்து, அதன் சிவப்புச் சாயம் நெற்றியில் வழிந்தது. மாடசாமி ஓடிப்போய்க் குழாயை அடைக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. விருந்தாளிகளில் சிலர் சிரித்தார்கள், பலர் சிரிக்கவில்லை, ஹாஜியாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இத்ரூஸும் நனைந்தவர்களில் ஒருவர். நேரே கராஜுக்குப் போனார். பெட்டி பூட்டியிருந்தது. மாடசாமியிடம் சாவியை வாங்கித் திறந்தார். மணிக்கூடு அழகாக ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கம்பியை இழுக்கும் நெம்புக்கு நேரே இரண்டாம் பல் நின்றது. சரியாக ஒரு பல். ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரே ஒரு பல். அவருடைய புத்தி அந்த இடத்தில் மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்தது, தப்பான பக்கமாக. தேய்ந்த சக்கரம் வழுக்கினால் ஒருநாள் அரைப்பல் வழுக்கும், ஒருநாள் இரண்டு பல் வழுக்கும். இவ்வளவு அளவாக வழுக்காது. அளவாகத் திருப்புவது கைதான். அதை ஹாஜியாரிடம் அப்படியே சொன்னார்.

சாவி யாரிடம் இருந்தது என்று ஹாஜியார் கேட்கவே தேவையில்லை. மாடசாமி பக்கத்தில்தான் நின்றார், வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட.

"நான் தொடலீங்க மொதலாளி," என்றார்.

"அப்ப ஜின் வந்து திருப்பிச்சா?" என்று இத்ரூஸ் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "தலையக் கழட்டட்டுமானு அண்டைக்கே கேட்டானே, ஹாஜியார். நடக்கப் போறது தெரியாம ஏன் கேக்கணும்?"

ஹாஜியார் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஊர் முன்னால் நனைந்த மனிதர். மாடசாமியை அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இலட்சுமிக்காக ஹாஜியாரின் மனைவி கெஞ்சியதால் இரண்டு போயா தவணை கிடைத்தது. பெட்டிச் சாவி இத்ரூஸ் கைக்கு மாறியது. இனி வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்ததும் தானே வந்து முறுக்குவதாகச் சொன்னார். சக்கரத்தை ஒரு பல் பின்னுக்கு இழுத்து, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நனைந்த தொப்பியோடு சைக்கிளில் ஏறினார். பெரிய துப்புத் துலக்கிய திருப்தி அவருக்கு.

அடுத்த போயா வந்தது. மெஷின் தெளிக்கவில்லை. சாவி போனதும் குறும்பும் போனது பார்த்தீர்களா என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். இத்ரூஸ் சிரித்துக்கொண்டார். மாடசாமி அந்த நாட்களில் நாவுலவுக்குப் போய், மரக்கறித் தோட்டம் செய்யும் மச்சானிடம் இடம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். மச்சானின் குடிசைக்குள்ளேயே ஒன்பது பேர் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக் கங்காணியும் கையை விரித்துவிட்டார். இதெல்லாம் இத்ரூஸ் காதுக்கும் வந்தது. திருப்பினவன் அனுபவிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் கிழமையில் ஒருநாள், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த இராமசாமி ஒரு சுவர் மணிக்கூட்டைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எட்டு நாள் ஓடும் மணிக்கூடு. லீவு நாளில்தான் அவருக்கு நேரம், ஆகவே போயாக் காலையில் எழும்பியதும் சாவி கொடுப்பாராம். சில போயாவுக்கு அது ஓடிக்கொண்டே இருக்குமாம். சில போயாவுக்கு அவர் எழும்புவதற்கு முன்னாலேயே நின்று கிடக்குமாம்.

இத்ரூஸ் திறந்து பார்த்தார். வில்லுக்கு வயதாகிவிட்டது. எட்டு நாளை எட்டாது, ஏழு நாளைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் ஓடும், அவ்வளவுதான். மற்றபடி குறையில்லை. ஆகவே வழக்கப்படி இராமசாமியிடம் குறையைத் தேடினார். ஏழு நாளைக்கு ஒரு தடவை ஒழுங்காக முறுக்கினால் இது நிற்கவே நிற்காது, நீங்கள் ஏதோ ஒரு போயாவுக்கு மறந்திருக்கிறீர்கள் என்றார்.

இராமசாமிக்குக் கோபம் வந்தது.

"போயாவுக்குப் போயா ஏழு நாள்னு யாருங்க சொன்னது? ஒண்ணு ஏழு நாள்ல வரும், அடுத்தது எட்டு நாள்ல வரும். அதை வச்சுக்கிட்டு லீவுக் கணக்குப் பாக்க நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும். சந்திரன் என்ன கச்சேரியிலயா வேலை செய்யுது, நேரத்துக்கு வர?"

இத்ரூஸ் சிரிக்கவில்லை. கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தார். முதலில் நனைந்தது எந்தக் கிழமை? வெள்ளி. அன்று ஜும்ஆ முடிந்து பள்ளியிலிருந்து நேரே பங்களாவுக்குக் கூட்டிப்போனார்களே, ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தின போயா வியாழன். இரண்டாம் தடவை நனைந்தது சனி. கந்தூரி ஞாயிறு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் தள்ளி. ஒவ்வொரு தடவையும் ஒரு பல். மெஷின் தன் ஏழு நாளை ஒழுங்காக எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதற்குத் தெரிந்தது துரையின் கிழமை, இத்ரூஸின் ஜும்ஆவைப் போல அசையாத கிழமை. அசைந்தது லீவு. அவர் தன் கடையில் ஜும்ஆவுக்கு ஜும்ஆ வைத்துச் சோதித்தாரே, அந்தச் சோதனையில் எந்தப் பிழையும் எப்படித் தெரியும்? ஏழு பல்லை ஏழு நாளால் அளந்துவிட்டு மனிதனைக் குற்றவாளியாக்கியிருக்கிறார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை வைத்த இடம் கராஜுக்குப் பின்னால் இருந்தது. பாவம் கடைக்குள் முக்காலியில் உட்கார்ந்திருந்தது. அடுத்த போயா எப்போது என்று அவர் மெதுவாகக் கேட்டார். திங்கட்கிழமை, இந்தத் தடவை எட்டு நாள் என்று இராமசாமி சொன்னார்.

இத்ரூஸ் உடனே எழுந்து அலுவிகாரைக்கு ஓடினார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அவர் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, முறுக்குகிற நேரத்துக்கு, முறுக்குகிற ஆளாகத்தான் போனார். வழியெல்லாம் ஒரு யோசனை அவரோடு சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தது. சக்கரத்தை ஒரு பல் பின்னுக்கு இழுத்து வைத்தால் போதும். திங்கட்கிழமை மெஷின் தூங்கும். எட்டு நாள் போயா வரும்போதெல்லாம் இதையே செய்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மாடசாமி போனபின் மெஷின் திருந்தியது என்று ஊர் சொல்லும். இத்ரூஸ் என்றால் இத்ரூஸ்தான் என்றும் சொல்லும்.

பெட்டியைத் திறந்தார். முறுக்கினார். சக்கரத்தில் விரலை வைத்தார்.

கராஜுக்குப் பின்னால் ஏதோ உராயும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். இலட்சுமி அம்மிக்கல்லைக் கோணிச் சாக்குக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். சட்டி பானைகள் ஏற்கெனவே கட்டியாயிற்று. போகிற இடம் இன்னும் கிடைக்காதவள் எதற்காக அம்மியைக் கட்டுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. வீதியோரத்தில் இறக்கி வைத்தாலும் அரைத்துத் தின்ன வேண்டுமே என்று அதற்கான பதிலும் உடனே தோன்றியது. அவள் இவரைப் பார்த்தாள், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

வெட்கம் என்றால் என்ன என்று ஐம்பது வயதுக்கு மேல் இத்ரூஸ் அந்த இடத்தில்தான் முழுசாகத் தெரிந்துகொண்டார். விரலை எடுத்தார். சக்கரத்தைத் தொடாமல் பெட்டியைப் பூட்டினார். நேரே முன்பக்கம் போய் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

ஹாஜியார் நம்பவில்லை. நாலு தடவை திறந்து பார்த்து மெஷினில் பிழையில்லை என்று சொன்ன வாய், இப்போது மனிதனிலும் பிழையில்லை என்கிறதே, அப்படியானால் கந்தூரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டார். மாடசாமிக்காக இரக்கப்பட்டுக் கதை கட்டுகிறார் என்றுதான் நினைத்தார். சந்திரன், ஏழு, எட்டு என்று இத்ரூஸ் சொல்லச் சொல்ல அவர் இன்னும் குழம்பினார். கடைசியில் இத்ரூஸ் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"சாவி ஓங்கட இடுப்புல இருக்கட்டும். திங்கக்கிழமை போயா. அஸருக்கு நான் வந்து புல்லு நடுவுல நிப்பேன். மெஷின் என்னை நனைக்காட்டி, நான் பொய்க்காரன், அவன அனுப்புங்க. நனைச்சா, அவன் தொடல்ல."

அந்த ஏற்பாடு ஹாஜியாருக்குப் பிடித்திருந்தது. வியாபாரி இல்லையா, சரக்கைக் கண்ணால் பார்த்து வாங்குவதுதான் அவருக்குப் புரியும்.

திங்கட்கிழமை பேக்கரிக்காரர் பலகையை அடுக்கினார். சாயந்தரம் இத்ரூஸ் வெள்ளைச் சாரனும் சட்டையும் தொப்பியுமாக அலுவிகாரைக்குப் போனார். ஹாஜியார் விறாந்தையில் சாய்கதிரையில் இருந்தார், சாவி பச்சை இடுப்புப் பட்டியில் தொங்கியது. வீட்டுப் பெண்கள் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றார்கள். மாடசாமி கராஜ் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நம்பிக்கையோடு நின்றதாகத் தெரியவில்லை.

இத்ரூஸ் புல்தரை நடுவில் போய் நின்றார். பள்ளியில் பாங்கு சொன்னது. தண்ணீர் வரவில்லை. வில்லை மாற்றினோமே, அது சரியாக இருக்கிறதா? எண்ணெய் கூடிப்போயிற்றா? கணக்கெல்லாம் சரியாக இருந்தும் இன்றைக்கென்று பார்த்து இந்தப் பாழாய்ப்போன மணிக்கூடு நின்றுபோனால் அந்த அம்மிக்கல் வீதிக்குப் போய்விடும். யா அல்லாஹ், என்னை நனைத்துவிடு என்று துஆ கேட்ட மனிதர் மாத்தளையில் அன்று அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

புல்லுக்குள் இருமல் கேட்டது.

நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் அடித்தது. தொப்பி விழுந்தது. சாரன் காலோடு ஒட்டிக்கொண்டது. இத்ரூஸ் நகரவில்லை, முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. தண்ணீர் தானாக மூடிக்கொள்ளும் வரை அப்படியே நின்றார். ஹாஜியார் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடசாமியைக் கூப்பிட்டார். போகத் தேவையில்லை, சாமான்களை அவிழ்க்கச் சொல் என்றார். மன்னிப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்து மொதலாளிமார் அதைச் சொல்லிப் பழகியிருக்கவில்லை. சாவியை இத்ரூஸ் பக்கம் எறிந்துவிட்டு அஸர் தொழ உள்ளே போனார்.

இத்ரூஸ் சொட்டச் சொட்டக் கராஜுக்குப் போய்ச் சாவியை நீட்டினார். மாடசாமி நன்றி சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தாரா என்றால், எதிர்பார்த்தார். மனிதர்தானே. மாடசாமி ஒரு துவாயை எடுத்துக் கொடுத்தார். சாவியை வாங்கவில்லை.

"மணிக்கூட்ட நாலு தரம் தொறந்து பாத்தீங்க இத்ரூஸ் நானா," என்றார். "என்னைய ஒரு தரம் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"தொடலன்னு சொல்லியிருப்பேன். வேற என்ன தெரியும் எனக்கு."

இத்ரூஸ் துவாயால் தலையைத் துடைத்தார். துடைக்க வேண்டியதற்கு மேல் கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு சாவியை மறுபடி நீட்டினார். முறுக்குகிற வேலை உன்னுடையதுதானே என்றார்.

"வேணாங்க. அது என் கையில இருக்கிற வரைக்கும் பழியும் என் தலையில இருக்கும். போக ஒரு இடம் இருந்தா இன்னைக்கே போயிருப்பேன். இல்ல, இருக்கிறேன். சாவி நீங்களே வச்சுக்கிடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வாளியில் தண்ணீர் இல்லை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அதனால்தான் இத்ரூஸுக்கு அது வலித்தது.

அதற்குப்பின் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்ததும் இத்ரூஸ் அலுவிகாரைக்குச் சைக்கிள் மிதித்தார். போவதற்கு முன் இராமசாமியிடம் அடுத்த போயாவைக் கேட்டுக்கொள்வார். ஏழு நாள் என்றால் முறுக்கிவிட்டு வருவார். எட்டு நாள் என்றால் சக்கரத்தை ஒரு பல் பின்னுக்கு இழுத்துவிட்டு வருவார். மழைக்காலத்திலும் போனார், ஏனென்றால் மழைக்காலத்திலும் அந்த மெஷின் தெளித்தது. மழைக்கு எதற்குத் தெளிப்பு என்று ஹாஜியாரிடம் சொல்லும் தைரியம் ஒருவருக்கும் வரவில்லை. இலட்சுமி தேத்தண்ணி கொடுப்பாள், மாடசாமி குசலம் விசாரிப்பார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கடையில் இத்ரூஸ் முன்னைப்போல ஆட்களைக் குற்றம் சொல்வதை விட்டுவிட்டார். என்ன நடந்தது என்று முதலில் கேட்டார். வாடிக்கைக்காரர்களுக்கு இது புரியவில்லை, மனிதருக்கு உடம்பு சரியில்லையோ என்று பேசிக்கொண்டார்கள்.

சில வருஷத்தில் அரசாங்கம் மனம் மாறியது. போயாக் கிழமை போய்ப் பழைய ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. இத்ரூஸ் அந்த வெள்ளிக்கிழமை போய், முதலாம் பல் ஞாயிற்றுக்கிழமையில் நிற்கும்படி கடைசித் தடவையாகச் சக்கரத்தைத் திருப்பினார். இனி இது ஒருநாளும் பிசகாது, முறுக்கினால் மட்டும் போதும், ஒரு பயமும் இல்லை என்று மாடசாமியிடம் சொல்லிச் சாவியை நீட்டினார்.

மாடசாமி சாவியைப் பார்த்தார். "தேத்தண்ணி ஆறுதுங்க நானா," என்றார்.

இத்ரூஸ் தேத்தண்ணியைக் குடித்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.